இன்னபிற

கிளாக்ஸ்விக் துறைமுகத்தின் மூன்றாம் குளிர்கிடங்கு
திங்கட்கிழமை காலை
ஈரக் கோணி வாடையோடு திறந்தது.
பதினொரு டன் காட் மீன்.
ரூனி கதவை மறுபடி மூடிவிட்டு
அதில் சற்று நேரம் சாய்ந்து நின்றான்,
மூடியே வைத்தால் நடக்காததாகிவிடும் என்பதுபோல.

அமுக்கி வெள்ளி இரவே நின்றிருக்கிறது.
அது இயந்திரம், நிற்கும்.
எச்சரிக்கை மணி ஏன் அடிக்கவில்லை?
அது சுன்வாவின் பாடு.
மழைக்கோட்டைக் கழற்றாமலே
விசைப்பலகை முன் உட்கார்ந்தாள்.
நிரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
பதிவேட்டில் ஒரே ஒரு வரி:
"அமைவுக் கோப்பு இல்லை. இயல்பு மதிப்புகளோடு தொடர்கிறேன்."
எவ்வளவு மரியாதையான வாக்கியம்!
இயல்பு மதிப்பைத் தோண்டிப் பார்த்தாள்:
நாற்பது பாகை தாண்டினால் மணி அடிக்கும்.
இந்தத் தீவில்
சூப்புக் கிண்ணம் தவிர வேறெதுவும்
நாற்பதை எட்டியதில்லை.

கோப்பு எங்கே இருந்தது?
யால்கிரிமின் வீட்டில்.
வீடென்றால் கூரையும் கணப்பும் அல்ல,
கணினியில் அவன் பெயருக்கு ஒதுக்கிய அடைவு.
அதற்குள்ளும்
பெயருக்கு முன் புள்ளி வைத்து ஒளித்த இன்னொன்று.
நம் எழுத்தில் தலைமேல் புள்ளி வைத்தால்
உயிர் போகும்.
அங்கே முன்னால் வைத்தால்
உருவம் போகும்.

யால்கிரிம் போன மாதம் வேலையை விட்டான்.
விதிப்படி முப்பதாம் நாள் கணக்கை மூடினார்கள்.
விதிப்படி வீட்டையும் அழித்தார்கள்.
வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.
யாரும் தவறு செய்யவில்லை என்று
ஆலைத் தலைவி மூன்று முறை சொன்னாள்.

சுன்வா அவனை அழைத்தாள்.
ஹிர்ட்ஸ்ஹால்ஸ் படகுத்துறையின் காற்று,
காற்றுக்கு நடுவே குரல்:
"ஆறு வருஷம் இருக்கும். ராத்திரி ரெண்டு மணி.
ஓட ஆரம்பிச்சதும் தூங்கப் போயிட்டேன்.
அப்புறம் மாத்தலாம்னு..."
அந்த அப்புறம்
எந்த அடைவில் இருக்கிறது என்று கேட்க
வாய்வரை வந்தது.

அவன்மேல்கூட இல்லை கோபம்,
பொதியைக் கட்டி அனுப்பியவர்கள்மேல்.
நிறுவும்போதே கேட்டிருக்கலாமே அதனிடம்,
நீ யாருக்காக ஓடுகிறாய்?
ஆளுக்காக என்றால் ஆளின் வீட்டில் தங்கு.
கிடங்குக்காக என்றால்
வேரை ஒட்டிப் பொதுவில் ஓர் இடம் இருக்கிறது,
மூன்றே எழுத்துப் பெயர்.
பெயரின் பொருள்: இன்னபிற.
எதிலும் சேராததை எறிய
யாரோ என்றோ திறந்த மூலை.
இன்று ஆணைகள் எல்லாம் அங்கேதான்.

மாலையில் காப்புப் பிரதியிலிருந்து
கோப்பு மீண்டது. ஐந்து வரி.
எல்லை, கழித்தல் பதினெட்டு.
இடைவெளி, பத்து நிமிடம்.
ஒலி, உரக்க.
திரை நிறம், தேன்மஞ்சள்.
அழைக்க வேண்டிய எண், அவனுடையது.
அவனுடையது மட்டும்.

அதாவது, அழிக்காமல் விட்டிருந்தாலும்
மணி டென்மார்க்கில்தான் அடித்திருக்கும்,
கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவன் சட்டைப் பையில்.
இதைத் தலைவியிடம் சொல்வதா என்று
தேநீர் ஆறும்வரை யோசித்தாள்.
சொன்னாள்.

இன்னபிறவில் புதுக் கோப்பு.
மூன்று எண்கள், ஒன்று ரூனியுடையது.
தலையில் ஒரு குறிப்பு,
நிரல் படிக்காமல் தாண்டிப்போகும் வரி,
மனிதர்களுக்கு மட்டும்:
"இதை யார் வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள்."
தேன்மஞ்சளை அங்கே சேர்க்கவில்லை.
அழிக்கவும் மனம் வரவில்லை,
தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.
பதினொரு டன்னும் மீன்மாவு ஆலைக்குப் போனது.
கடற்காகங்கள் லாரியை
சுரங்கப்பாதை வாசல்வரை தொடர்ந்தன.

இரண்டு வாரம் கழித்துப் புதிய பதிப்பு.
நிறுவினாள்.
மறைந்தவையும் தெரியும்படி
பட்டியலிட்டுப் பார்த்தாள்.
அவள் வீட்டு வாசலில்
நேற்று இல்லாத
ஒரு புள்ளி.